பெங்களூரில் வேலை பார்த்தபடியே தொண்டு நிறுவன மேலாண்மையில் இணையவழி முதுகலை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் தமிழர்கள் தொண்டு நிறுவன வேலைக்கு இரண்டு வாசல்கள் வழியாக வருகிறார்கள். ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டு உழைத்து, சம்பாதித்தது போதும், இனி மனத்துக்குப் பிடித்ததைச் செய்யலாம் என்று கிளம்பி வருகிறவர்கள் ஒரு வகை. ஸ்ரீராமபுரத்திலோ மர்பி டவுனிலோ வளர்ந்து, தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கி, களப்பணியாளராகி, ஒருங்கிணைப்பாளராகி, அதற்கு மேல் ஏறப் படி இல்லாமல் நிற்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பினரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலையை விடாமல், வீட்டிலிருந்தே ஒரு முதுகலை முடித்துவிட்டால் மேலே போக முடியுமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகையினருக்குப் பெரும்பாலும் முடியும். முதல் வகையினர் இப்போதைக்குப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். தொண்டு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: களம் பார்த்தவரிடம் பட்டம் சேர்ந்தால் அது பேசும். களம் பார்க்காதவரிடம் அது சுவரில் தொங்கும்.

படி 1: விண்ணப்பத்துக்கு முன் வேலை விளம்பரங்களைப் படியுங்கள்

டெவ்நெட் ஜாப்ஸ், லிங்க்ட்இன் போன்ற தளங்களில், இன்று நீங்கள் இருக்கும் பதவிக்கு இரண்டு படி மேலே உள்ள வேலைகளுக்கான விளம்பரங்களைச் சேகரியுங்கள். திட்ட மேலாளர், நிதிதிரட்டல் தலைவர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு மேலாளர் என்று பெயர்கள் இருக்கும். கல்வித் தகுதி என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சமூகப்பணியில் முதுகலை, எம்.பி.ஏ., வளர்ச்சித் துறைப் படிப்பு அல்லது அதற்கு நிகரான அனுபவம் என்றுதான் இருக்கும். அந்தக் கடைசிச் சொற்றொடர் உங்கள் துறை விளம்பரங்களில் தவறாமல் வருகிறது என்றால், பட்டத்துக்கு அவசரமில்லை. வரவில்லை என்றால், தடை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மென்பொருள் துறையிலிருந்து வருகிறவர்களுக்குத் திட்டமிடலும் கணக்கும் ஏற்கெனவே கைவந்தவை. அவர்களுக்கு இல்லாதது களமும் மொழியும். ஓராண்டு வார இறுதிகளை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். இந்தியா லீடர்ஸ் ஃபார் சோஷியல் செக்டார் போன்ற அமைப்புகள், வேறு துறையிலிருந்து வருகிற அனுபவசாலிகளுக்கென்றே குறுகிய பயிற்சிகள் நடத்துகின்றன. அதற்குப் பிறகும் முதுகலை வேண்டும் என்று தோன்றினால் படியுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்தவருக்குக் கர்நாடகத்தில் களப் பொறுப்பு கிடைப்பது கடினம். அங்கன்வாடிப் பணியாளரிடமும் வார்டு அலுவலகத்திலும் கன்னடத்தில் பேசத் தெரிந்தவரைத்தான் நிறுவனம் முன்னால் அனுப்பும். ஆறு மாதம் கன்னடம் கற்பதற்கு ஆகும் செலவையும் முதுகலைக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 2: இந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா?

பலர் சறுக்குவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் விதி தெளிவாக இருக்கிறது. தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2020 ஆம் ஆண்டு விதிமுறைகளை வகுத்தது. அதன்படி அனுமதி பெற்ற நிறுவனம், அனுமதி பெற்ற படிப்பு என்றால் அந்தப் பட்டம் கல்லூரிக்கு நேரில் சென்று வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி மறுபடியும் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில், ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைத் தொடரவும் அனுமதி வந்தது. ஆகவே வேறொரு படிப்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறேன் என்று தயங்க வேண்டியதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடத்தும் இணையதளம். நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு, நீங்கள் சேரும் அதே படிப்பு பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறும். உளவியல் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று 2025 இல் யுஜிசி நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கலாம். போன வருடம் அண்ணன் சேர்ந்தான், அதனால் இந்த வருடம் நானும் சேரலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

பெங்களூர்த் தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொலைநிலைக் கல்வியைப் பொறுத்தவரை ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்தான் படிப்பு மையம் நடத்தலாம். இணையவழிப் படிப்புக்கு அந்த எல்லை இல்லை. எனவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'பெங்களூர் மையம்' என்று மாடிப்படி ஓரத்தில் பலகை மாட்டியிருந்தால், அது தொலைநிலையா இணையவழியா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் படியிறங்கிவிடுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் நாடு முழுவதும் நடத்தலாம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் நிலைமை வேறு. வெளிநாட்டுப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் முறைக்கு யுஜிசி 2025 ஏப்ரலில் புதிய விதிமுறைகளை அறிவித்தது. இணையவழியில் வாங்கிய வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள். அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் பணி, இந்தியாவில் முனைவர் பட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் திட்டத்தில் இருந்தால் இந்தியப் பட்டத்தையே தேர்ந்தெடுங்கள். தனியார் தொண்டு நிறுவனத்திலோ, பன்னாட்டு அமைப்பிலோ, ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவிலோ வேலை செய்வதுதான் நோக்கம் என்றால் சமநிலைச் சான்றை யாரும் கேட்பது அரிது. அங்கே பல்கலைக்கழகத்தின் பெயரையும் உங்கள் வேலையையும்தான் பார்ப்பார்கள்.

எட்டெக் எனப்படும் இணையவழிக் கல்வி வணிக நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் கைகோத்து விளம்பரம் செய்யும் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2023 டிசம்பரில் யுஜிசி எச்சரித்தது. தொலைபேசியில் அழைக்கும் 'கல்வி ஆலோசகர்' எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பட்டத்தின் மேல் கையெழுத்திடுவது யார்? அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

படி 3: எங்கே சேரலாம்?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் 'தொண்டு நிறுவன மேலாண்மை' என்ற பெயரிலேயே இணையவழி முதுகலையை எளிதில் காண முடியாது. பக்கத்துப் பெயர்களில்தான் தேட வேண்டும். இக்னோவின் சமூகப்பணி முதுகலை, ஊரக வளர்ச்சி முதுகலை ஆகிய இரண்டும் தொலைநிலைப் படிப்புகள். சமூகப்பணிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகம் நான்கு ஆண்டுகள். களப்பணி கட்டாயம். நீங்கள் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் இருப்பவர் என்றால் களப்பணியைப் பற்றி முன்கூட்டியே மண்டல மையத்தில் பேசிவிடுங்கள். முழுப் படிப்புக்கும் அவர்கள் வாங்கும் தொகை, அமெரிக்காவில் ஒரே ஒரு பாடத்துக்குக் கேட்கும் தொகையைவிடக் குறைவு. மேலாண்மைதான் வேண்டும் என்றால் யுஜிசி பட்டியலில் உள்ள ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழி எம்.பி.ஏ.வை எடுத்து, தொண்டு நிறுவனத்துக்கே உரிய பாடங்களைக் குறுகிய படிப்புகளால் நிரப்பிக்கொள்ளலாம். 2017 இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம்.

மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம், நம் ஊரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979 இல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் ஆகியவற்றின் முதுகலைகள் முழுநேரப் படிப்புகள். இரண்டு ஆண்டு சம்பளத்தை விட்டுவிட முடிகிற வயதும் வீட்டு நிலைமையும் இருந்தால், இணையவழியை மறந்துவிட்டு அங்கே போங்கள். வகுப்புத் தோழர்கள் என்ற சொத்தைக் கணினித் திரை தருவதில்லை.

வெளிநாட்டில் இந்தத் துறை தனியாகவே வளர்ந்திருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொண்டு நிறுவனத் தலைமை மற்றும் மேலாண்மையில் இணையவழி முதுகலை இருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி குடும்பக் கொடையியல் பள்ளி, கொடை பற்றிய ஆய்வுக்கென்றே அமைந்தது. அங்கேயும் இணையவழி முதுகலை உண்டு. பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன், பிரிட்டனின் கென்ட் ஆகியவையும் இந்தத் துறையில் தொலைவிலிருந்து படிக்க வழி வைத்திருக்கின்றன. படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள். அமெரிக்கப் படிப்புகள் பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட்கள் வரை இருக்கும். பிரிட்டனில் முதுகலை என்றால் 180 கிரெடிட்கள். கணக்கு முறை வேறு என்பதால் எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தர அங்கீகாரத்தை அந்த நாட்டுக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான்பிராஃபிட் அகாடமிக் சென்டர்ஸ் கவுன்சில் என்ற அமைப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் படிப்பை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிதி நிர்வாகமும் மதிப்பீடும் விருப்பப் பாடமாக ஒதுக்கப்பட்டு, 'உத்வேகத் தலைமை' கட்டாயப் பாடமாக இருக்கும் படிப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 4: பணம்

கிரெடிட் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்து, மொத்தக் கிரெடிட்களால் பெருக்கி, தொழில்நுட்பக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், மதிப்பெண் சான்று மதிப்பீட்டுக் கட்டணம், வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் டாலரின் மதிப்பு ஏறும் என்று வைத்துக்கொண்டு பத்து விழுக்காடு தனியாக ஒதுக்குங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள நிலை. அதைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ஆனாலும் அந்த மாதம் கையில் அந்தப் பணம் இருக்க வேண்டும் அல்லவா? பருவத்துக்குப் பருவம் கட்டினால் பெரும்பாலும் வரம்புக்குள் அடங்கிவிடும்.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லி ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். நீங்கள் பாதியில் படிப்பை விட்டாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் கெடும். கடன் கொடுப்பவரின் பெயரும், விலகினால் என்ன ஆகும் என்பதும் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் நிறுவனத்திடம் கேட்கத் தயங்குகிறீர்களா? கேளுங்கள். சில நன்கொடையாளர்கள் பணியாளர் திறன் வளர்ப்புக்கென்று தனியாகத் தொகை ஒதுக்குகிறார்கள். முழுப் பட்டத்துக்கும் கேட்டால் இல்லை என்பார்கள். நிதி நிர்வாகம் என்ற ஒரு பாடத்துக்கு மட்டும், அதற்கு ஈடாக இரண்டு ஆண்டு இருப்பதாக எழுதிக்கொடுத்துக் கேட்டால் பேச்சு வேறுவிதமாகப் போகும்.

படி 5: விண்ணப்பமும் நம் இனிஷியலும்

தமிழர்களின் விண்ணப்பங்கள் பாதி நேரம் பெயரிலேயே சிக்கிக்கொள்கின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து பின்னால் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் தந்தை பெயரும் மற்ற கட்டத்தில் உங்கள் பெயரும் இருக்கும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வேறு சேர்ந்திருக்கும். இக்னோவோ வேறு இந்தியப் பல்கலைக்கழகமோ என்றால், 2024-25 கல்வியாண்டிலிருந்து யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் டெப் ஐடி என்ற அடையாள எண் வேண்டும். அதற்கு முன்பாக ஏபிசி ஐடி எனப்படும் கிரெடிட் வங்கி எண்ணை டிஜிலாக்கர் வழியாக உருவாக்க வேண்டும். எல்லாம் ஆதார்ப் பெயரையே பின்பற்றும். எனவே விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆதாரைத் திருத்துவதா, அல்லது இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவைப்பதா என்று முடிவு செய்யுங்கள். கடைசித் தேதிக்கு முதல் நாள் இரவு இதைத் தீர்க்க முடியாது.

டிரான்ஸ்கிரிப்ட் என்பது மதிப்பெண் பட்டியல் அல்ல. பல்கலைக்கழகம் எல்லாப் பருவங்களையும் ஒரே ஆவணமாகத் தொகுத்து, முத்திரையிட்டோ மின்னஞ்சலிலோ நேரடியாக அனுப்புவது. சென்னையிலோ திருச்சியிலோ படித்தவர்கள் அதற்கான விண்ணப்பத்தை முதலிலேயே போட்டுவிட வேண்டும். எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வது இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மூன்றாண்டு இளங்கலையை ஏற்குமா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள். சில ஏற்கும், சில கூடுதல் ஆண்டு கேட்கும். முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை இந்தப் படிப்புகளில் பல கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வுக்கு, ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசில்லை.

நோக்க அறிக்கையில் 'சிறு வயது முதலே சமூக சேவையில் ஆர்வம்' என்று தொடங்கினால், படிப்பவர் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார். உங்கள் வேலையில் தீராத ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். மாலைப் பாடசாலையில் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தீபாவளிக்குப் பிறகு வருவதில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க முயன்றோம், பெற்றோர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வேறு கட்டுமானத் தளத்துக்கு மாறிவிடுகிறார்கள் என்று தெரிந்தது, எங்கள் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இப்படி எழுதினால் இவருக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது பேராசிரியருக்குப் புரியும். பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவருக்கு நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். நிறுவனத் தலைவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் குறிப்பு இல்லையென்றால் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள்.

இக்னோவுக்கு ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவங்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட்–செப்டம்பரும் ஜனவரியும்.

படி 6: நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

நியூயார்க்கில் மாலை ஏழு மணி வகுப்பு என்றால் பெங்களூரில் அவர்களுடைய கோடைக்காலத்தில் அதிகாலை நான்கரை, குளிர்காலத்தில் ஐந்தரை. லண்டனில் மாலை ஆறு என்றால் இங்கே இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இதில் எது நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நேரலை வகுப்பு இல்லாமல், பதிவுசெய்த பாடங்களையும் வாரக் கெடுவையும் வைத்து நடக்கும் படிப்புகள் பெங்களூர்க்காரர்களுக்கு வசதி. அரிசோனாவில் ஞாயிறு நள்ளிரவு கெடு என்றால் நமக்குத் திங்கள் நண்பகல் வரை நேரம் கிடைக்கும். ஆனால் திங்கள் காலை அலுவலகக் கூட்டம் இருக்கும் என்பதால் அந்தச் சலுகையை நம்பாதீர்கள்.

மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 135 மணி நேர உழைப்பு என்பது அமெரிக்கக் கணக்கு. பதினைந்து வாரத்தில் என்றால் வாரம் ஒன்பது மணி நேரம். ஏழரை வாரத்தில் முடியும் விரைவுப் பாடம் என்றால் பதினெட்டு. வேலையும் பார்த்துக்கொண்டு விரைவுப் பாடங்கள் இரண்டை ஒன்றாக எடுப்பது வம்பு. முதல் பருவத்தில் ஒன்று மட்டும் எடுங்கள். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் வாசிப்பு நடக்கும். வெளிவட்டச் சாலையில் நகராமல் நிற்கும் பேருந்தில் பாடத்தைக் காதில் கேட்கலாம். எழுத்து வேலைக்கு இரண்டும் உதவாது. அதற்கு வீட்டில் கதவு மூடிய இரண்டு மணி நேரம் வேண்டும். அதை வீட்டாரிடம் முன்பே பேசி வாங்கிவிடுங்கள்.

நம் கல்லூரிகளில் பழகிய சில வழக்கங்களை விட வேண்டியிருக்கும். விவாதப் பலகையில் எழுதுவதற்கு மதிப்பெண் உண்டு. 'ஐயா சொன்னது மிகவும் சரி' என்று எழுதினால் மதிப்பெண் வராது. எங்கே ஒத்துவரவில்லை, எங்கள் ஊரில் அது ஏன் நடக்காது என்று எழுதினால் வரும். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தால் படிப்பே போய்விடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஒவ்வொரு பாடத்திலும் விதி வேறுபடும். பாடத்திட்டத்தில் அதை முதலில் தேடிப் படியுங்கள்.

படி 7: வெளிநாட்டுப் பாடத்தில் இல்லாததை நீங்களே சேருங்கள்

அமெரிக்கப் படிப்பில் 501சி3 என்ற வரிவிலக்குப் பிரிவும் 990 ஆம் எண் படிவமும் பக்கம் பக்கமாக வரும். ராஜாஜிநகரில் உள்ள ஒரு சிறு அறக்கட்டளையின் ஆண்டுத் தாக்கலுக்கு அவை உதவாது. ஆளுகைக் குழு எப்படி நடக்க வேண்டும், வரவுசெலவுத் திட்டம் எப்படிப் போடுவது, ஒரு திட்டம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது ஆகியவை எங்கும் பொருந்தும். சட்டம் பொருந்தாது. அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

முதலில் அமைப்பு வடிவம். அறக்கட்டளை, சங்கம், 2013 நிறுவனச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு நிறுவனம் ஆகிய மூன்றில் உங்கள் நிறுவனம் எது என்று தெரியுமா? பல ஒருங்கிணைப்பாளர்களுக்குத் தெரியாது. கர்நாடகத்தில் சங்கங்களுக்கு 1960 ஆம் ஆண்டுச் சட்டம். மும்பைக்கு மாறினால் அங்கே 1950 ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டமும் அறநிலைய ஆணையரும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் சங்கங்களுக்கு 1975 ஆம் ஆண்டுச் சட்டம். ஓசூரை எட்டினாலே சட்டம் மாறிவிடுகிறது.

அடுத்தது வரி. துறையில் எல்லோரும் இன்னும் 12ஏ (நிறுவனத்துக்கான வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கான வரிச் சலுகை) என்று பழைய சட்டத்தின் பிரிவு எண்களில்தான் பேசுகிறார்கள். 2026 ஏப்ரலிலிருந்து 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. நன்கொடை ரசீது கொடுப்பதோடு வேலை முடிவதில்லை, நன்கொடையாளர் விவரத்தை வரித்துறைக்கும் தாக்கல் செய்ய வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 2020 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். வேறொரு நிறுவனத்துக்கு அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் பணம் வாங்கிச் சிறு நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையை அமெரிக்கப் பாடநூல் புகழ்ந்து எழுதியிருந்தால், வெளிநாட்டுப் பணத்தில் இங்கே அது சட்டவிரோதம் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.

பெங்களூரில் பெரும்பணம் சிஎஸ்ஆர் வழியாக வருகிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைப் பெற உங்கள் நிறுவனம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டு பணி வரலாறும் வேண்டும். புதிதாக வந்திருக்கும் வழி, தொண்டு நிறுவனங்கள் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும் சமூகப் பங்குச் சந்தை. 2023 டிசம்பரில் அதில் முதலில் பட்டியலானது நம் பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை. முதலீட்டாளருக்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது. சமூகப் பலன் மட்டுமே கணக்கு. நிதிதிரட்டல் பாடத்தில் கட்டுரை எழுத இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. அமெரிக்க வகுப்புத் தோழர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

படி 8: இறுதித் திட்டமும் அதற்குப் பிறகும்

கேப்ஸ்டோன் எனப்படும் இறுதித் திட்டத்தை உங்கள் நிறுவனத்திலேயே செய்யுங்கள். நிதி ஒதுக்கீட்டு முறை ஒன்றை மாற்றியமைப்பது, மூன்றாண்டு நிதிதிரட்டல் திட்டம் தீட்டுவது, பாதியில் விலகும் பயனாளிகளைக் கண்காணிக்க ஒரு முறை உருவாக்குவது போன்றவை பொருந்தும். செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழந்தைகளின் பெயரும் முகமும் தெரியாதபடி தரவைத் தயார்செய்யுங்கள். 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அது இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டியதுதான். படிப்பு முடியும்போது நேர்முகத் தேர்வில் மேசை மேல் வைக்க அந்த அறிக்கை கையில் இருக்கும். சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அறிக்கையை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

சம்பளம் தானாக உயராது. மேலாளர் பதவியின் சம்பளம் பல இடங்களில் நிர்வாகச் செலவுக் கணக்கில் வருகிறது. அந்தக் கணக்கின் மேல் எஃப்சிஆர்ஏவின் வரம்பும் நன்கொடையாளரின் கெடுபிடியும் உட்கார்ந்திருக்கின்றன. புதிய பதவிக்கோ சம்பள உயர்வுக்கோ பேசப் போகும்போது உங்கள் சம்பளம் எந்த நன்கொடையின் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்று கேளுங்கள். அதைத் திட்டச் செலவில் நியாயமாகக் காட்ட வழியுண்டா என்பதைக் கணக்காளருடன் சேர்ந்து பாருங்கள். அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவு எழுதும் மாதத்தில் இந்தப் பேச்சைத் தொடங்கினால் இடம் இருக்கும். வரவுசெலவுத் திட்டம் கையெழுத்தான பிறகு தொடங்கினால் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.